நான்கு மையில் ஒரு பம்பரம்: பழைய காமிக்ஸ் அச்சை வீட்டிலேயே கொண்டுவருவது எப்படி

பழைய வண்ணக் காமிக்ஸ் ஒன்று கையில் இருந்தால், பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்றை அதன் பக்கத்தின்மேல் வைத்துப் பாருங்கள். கதாநாயகனின் முகம் காணாமல் போய்விடும். மஞ்சள் புள்ளிகளும் அவற்றுக்கு இடையிடையே சிவப்புப் புள்ளிகளும் வரிசை கட்டி நிற்கும். கருப்புக் கோட்டின் ஒரு பக்கம் நூலளவு வெள்ளை தெரியும். மறுபக்கம் அதே நூலளவு நிறம் கோட்டைத் தாண்டிப் போயிருக்கும். தாளின் பின்பக்கத்துக் கட்டங்கள் மங்கலாகத் தெரியும்.

காமிக்ஸை வைத்து ஓவியம் செய்ய விரும்புகிற பலர் இதையெல்லாம் விட்டுவிட்டு வேதாளரையும் இரும்புக்கை மாயாவியையும் பார்த்து வரைகிறார்கள். வழுவழுப்பான தாளில் இங்க்ஜெட்டில் எடுத்த அந்தப் படத்தில் முகம் சரியாக இருக்கும், பழைய புத்தகத்தின் வாடை மட்டும் இருக்காது. சிறுவயது வாசிப்பைக் கிளறிவிடுவது பாத்திரத்தின் முகத்தைவிட அச்சின் குணம்தான் என்பது என் உறுதியான எண்ணம். மூன்று நான்கு மைதான் உண்டு, தாள் மட்டம், இயந்திரம் வேகமாக ஓடும் என்ற நெருக்கடியில் பிறந்த குணம் அது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில், அதாவது நிறத்துக்கு ஒரு துணிச்சட்டம் வைத்து மை இழுக்கும் முறையில், அந்த நெருக்கடியை நாமாக ஏற்றுக்கொண்டால், வரைவது நம்முடைய பம்பரமாக இருந்தாலும் படம் அந்தக் காலத்துக்குப் போய்விடும்.

64 நிறங்கள்

அமெரிக்கக் காமிக்ஸ் பல பத்தாண்டுகளுக்கு மஞ்சள், மெஜந்தா (ரோஜாச் சிவப்பு), சயான் (வெளிர் நீலம்), கருப்பு என்ற நான்கு மையில்தான் வந்தது. கருப்பு கோட்டுக்கு. மற்ற மூன்றும் வெறுமை, 25 சதவீதம், 50 சதவீதம், 100 சதவீதம் என்று நான்கு நிலைகளில் மட்டும் வரும். நான்கை மூன்று முறை பெருக்கினால் 64. ஓவியத்துக்கு நிறம் குறிக்கிறவர் ஒரு நகலில் சாயம் தீட்டி, பக்கத்திலேயே குறியீடு எழுதுவார். 2 என்றால் 25, 3 என்றால் 50, எண் இல்லையென்றால் முழு நிறம். 'ஒய்2 ஆர்2' என்றால் மஞ்சள் 25, சிவப்பு (அதாவது மெஜந்தா) 25. வெள்ளைக்காரத் தோல் நிறம் அதுதான். கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த கூடத்தில், பெரும்பாலும் பெண்கள், அந்தக் குறிப்பைப் பார்த்து ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக ஒளி ஊடுருவும் அசிடேட் தாளில் கையாலேயே இடத்தை நிரப்பினார்கள். இந்த நிறப்பிரிப்பைச் செய்த கைகளின் பெயர் எந்த அட்டையிலும் வந்ததில்லை.

சூப்பர் ஹீரோக்களின் உடை ஏன் எப்போதும் அடர்ந்த சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக இருக்கிறது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. முழு மை எந்த மட்டமான தாளிலும் ஒரே மாதிரி விழும். சாம்பல் விழாது. 1962-இல் வந்த முதல் இதழில் ஹல்க் சாம்பல் நிறம். ஒரே இதழுக்குள் அது பக்கத்துக்குப் பக்கம் மாறி நின்றதால் அடுத்த இதழிலேயே பச்சைக்கு மாற்றினார்கள்.

தமிழ் வாசகரின் நினைவு இதிலிருந்து கொஞ்சம் விலகியது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது மூலக்கதைகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் வார இதழ்களின் கருப்பு-வெள்ளைக் கதைகள். இரும்புக்கை மாயாவியை வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின்காரர். நிழலையும் ஒளியையும் கருப்பு மையாலேயே பிரித்துக் காட்டியவர். ஆகவே நம் தலைமுறைக்கு அட்டை பளபளவென்று பல வண்ணம், உள்ளே பெரும்பாலும் கருப்பு. நான்கு மையில் இறங்கத் தயங்குகிறவர்கள் கருப்பும் இன்னொரு நிறமுமாக இரண்டு மையில் தொடங்கலாம். அதுவும் நம்முடைய நினைவுதான், வேலையும் பாதியாகிவிடும்.

ஏன் பம்பரம்

வேறொருவர் படைத்த பாத்திரத்தை அச்சிட்டு விற்க முடியாது. இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த பிறகும் 60 ஆண்டுக்குப் பதிப்புரிமை நிற்கும். சட்டம் ஒருபுறம் இருக்க, மரியாதை என்ற ஒன்று இருக்கிறது. அமெரிக்க ஓவியர் ராய் லிச்டென்ஸ்டைன் 1963-இல் தீட்டிய 'வாம்!' நான்கு மீட்டர் அகல ஓவியம், லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மூலம், 1962-இல் வந்த ஒரு போர்க் காமிக்ஸில் இர்வ் நோவிக் வரைந்த கட்டம். புள்ளியைப் பெரிதாக்கி மக்களைப் பார்க்கவைத்தது லிச்டென்ஸ்டைனின் பெரிய காரியம், அதில் சந்தேகமில்லை. நோவிக்கின் பெயரைச் சொல்லாமல் விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. லிச்டென்ஸ்டைனிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் புள்ளி மட்டும்.

பம்பரத்தைச் சொல்வதற்குத் தொழில் காரணமும் உண்டு. கடைசல் பிடித்த மரப் பம்பரத்தில் அரக்குப் பட்டைகள் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று தனித்தனியாக நிற்கும். மஞ்சளின்மேல் மெஜந்தா விழுந்தால் சிவப்பு. மஞ்சளின்மேல் சயான் விழுந்தால் பச்சை. அதாவது பம்பரம் முழுவதும் மஞ்சள் ஸ்கிரீன், ஒரு பட்டைக்கு மெஜந்தா, ஒரு பட்டைக்கு சயான். மூன்று மையின் கணக்கு முழுவதும் ஒரே பொருளில் விளங்கிவிடும். சோடாக் கோலி, மாட்டுப் பொங்கல் கொம்பு, தீப்பெட்டி லேபிள் எதுவும் ஆகும். நிறம் பட்டை பட்டையாகப் பிரிந்திருக்கிற பொருள்தான் முதல் முறைக்கு நல்லது.

பம்பரத்தை விடும் கையும் படத்தில் வரட்டும். நம்மூர்ப் பிள்ளையின் கைக்கு 'ஒய்2 ஆர்2' பொருந்தாது. மஞ்சள் 50, மெஜந்தா 50, சயான் 25 வையுங்கள். கணினித் திரையில் இது கொஞ்சம் ரோஜா நிறமாகத் தெரியும், பயப்பட வேண்டாம். தாளில் புள்ளி விரிந்ததும் நல்ல மாநிறத்துக்கு வந்துவிடும். எப்படி என்று கீழே கணக்கு இருக்கிறது.

கோடும் எழுத்தும்

ஏ4 தாளில் கருப்பு மையும் தூரிகையும் கொண்டு வரையுங்கள். வெளிக்கோடு எங்கும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். முக்கியமான கோடு ஒன்றரை இருக்கலாம். நிறங்கள் விலகினால் மறைக்கிற இடம் இந்தக் கோடுதான். மெல்லிய கோட்டை நம்பி நான்கு நிறம் அடிப்பது வீண்.

சத்தத்தை எழுதாத காமிக்ஸ் பாதி காமிக்ஸ். டுமீல், தடால், டமார், விர்ர்ர் எல்லாம் படத்தின் உறுப்புகள். பம்பரத்துக்கு 'விர்ர்ர்' என்று வைத்து, வி-யைச் சின்னதாகத் தொடங்கி ர்-களை வளர்த்துக்கொண்டே போனால் சுழற்சி எழுத்திலேயே வந்துவிடும். மேலே நிற்கும் புள்ளிகளைக் கவனியுங்கள். ர்-இன் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் தூரத்திலிருந்து அது 'ர' என்றே படும். எழுத்தின் கோட்டுத் தடிமன் அளவுக்காவது இடைவெளி வேண்டும், ஏனென்றால் அச்சில் மை விரிந்து அந்த இடைவெளியைக் குறைக்கும்.

வசனக் குமிழி வைத்தால் முதலில் எழுத்து, பிறகு குமிழி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. மேலே கி, கீ-யின் கொக்கியும் கீழே கு, கூ-வின் வாலும் போகும். வரிக்கு வரி எழுத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இடம் கொடுத்தால்தான் முட்டாது. பழைய மொழிபெயர்ப்புக் காமிக்ஸில் எழுத்து குமிழியின் விளிம்புவரை நெருக்கியடித்து நின்றதற்குக் காரணம், குமிழி ஆங்கிலச் சொல்லின் அளவுக்கு ஏற்கெனவே வரையப்பட்டிருந்தது. அந்த நெருக்கத்தையே வேண்டுமென்று வைத்துக்கொள்ளலாம். கணினி எழுத்துரு மட்டும் வேண்டாம், அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

புள்ளியின் கணக்கு

படத்தை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 பிக்சல்) ஸ்கேன் செய்து, சுத்தக் கருப்பு வெள்ளையாக்கிக்கொள்ளுங்கள். கிம்ப், கிரிட்டா இரண்டும் இலவச மென்பொருள். எது பழக்கமோ அது போதும். கருப்புக் கோட்டுக்குக் கீழே மஞ்சள், மெஜந்தா, சயான் என்று மூன்று லேயர். ஒவ்வொன்றிலும் 25, 50, 100 சதவீதச் சாம்பலை மட்டும் கொட்டுங்கள். மென்மையாக மங்கும் நிறம், தூரிகைத் தடம் எதுவும் கூடாது. நிறத்தின் விளிம்பு கோட்டுக்கு அடியில் 0.7 மி.மீ., அதாவது 16 பிக்சல் உள்ளே போயிருக்க வேண்டும். கோட்டின் ஓரத்தோடு நிறுத்தினால் தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் வெள்ளைக் கீற்று விழும்.

அடுத்தது அந்தச் சாம்பலைப் புள்ளியாக்குவது. அங்குலத்துக்கு 25 புள்ளி வரிசை என்று வைத்துக்கொள்வோம். கையெட்டும் தூரத்தில் புள்ளி தெரியும், அறையின் மறுகோடியிலிருந்து நிறமாகச் சேர்ந்துவிடும். 600-ஐ 25-ஆல் வகுத்தால் 24 பிக்சல் இடைவெளி. கிம்பின் நியூஸ்பிரிண்ட் ஃபில்டரில் இந்த எண்ணைக் கொடுத்து வட்டப் புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். முடித்ததும் கருப்பும் வெள்ளையும் மட்டுமே உள்ள ஒரு பிட் படமாக மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் புள்ளியின் ஓரத்தில் தங்கும் சாம்பல் விளிம்பு ஸ்கிரீனுக்கு வெளிச்சம் காட்டி எக்ஸ்போஸ் செய்யும்போது அரைகுறையாக வெந்து (இறுகி), புள்ளி கரடுமுரடாக வரும்.

மூன்று நிறத்தின் புள்ளி வரிசைகளும் ஒரே கோணத்தில் சாய்ந்திருந்தால் சின்ன விலகலும் நிறத்தையே மாற்றிவிடும். கோணங்கள் மிக நெருங்கினால் மோரே என்ற அலை அலையான கோலம் விழும். சதுர வரிசை 90 பாகைக்கு ஒருமுறை தன்னையே திருப்பிச் சொல்வதால், 30 பாகை இடைவெளியில் மூன்றே கோணங்களுக்குத்தான் இடம். 15, 45, 75 என்று வையுங்கள். 0, 30, 60 வேண்டாம். 0 பாகை ஸ்கிரீன் துணியின் இழையோடு ஒரே திசையில் ஓடி அங்கேயும் மோரே காட்டும். கருப்பில் கோடு மட்டும் இருப்பதால் அதற்குக் கோணம் தேவையில்லை.

இனி, சொன்ன கணக்கு. 25 வரிசையில் ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் சதுரம் ஏறத்தாழ 1 மி.மீ. அதில் 25 சதவீதப் புள்ளியின் விட்டம் 0.56 மி.மீ., 50 சதவீதத்துக்கு 0.8 மி.மீ. பூச்சு இல்லாத தாளில் மை ஊறி விட்டம் 0.1 மி.மீ. கூடினால்கூட 25 என்பது 34 ஆகிவிடும், 50 என்பது 63 ஆகிவிடும். கையின் மாநிறம் திரையைவிட அச்சில் அடர்வது இதனால்தான். படம் முழுக்க அழுக்காகத் தெரிந்தால் மையைக் குறை சொல்வதற்கு முன் கோப்பில் 50-ஐ 40 ஆக்கிப் பாருங்கள்.

ஸ்கிரீன்

கல்யாணப் பத்திரிகைக்கும் துணிப்பைக்கும் அச்சடிக்கிற ஸ்கிரீன் பிரிண்டிங்தான் இது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் படத்தின் இடத்தை மட்டும் திறந்துவைத்து, அதன் வழியே மையைத் தாளில் இறக்குவது. பொருள் விற்கிற கடைகள் பெரிய ஊர்களில் எல்லாம் உண்டு. ஏ4 படத்துக்கு உள்ளளவு 14-க்கு 18 அங்குலச் சட்டம் வாங்குங்கள். படத்தைச் சுற்றி மூன்று அங்குலம் இல்லாவிட்டால் ஓரத்தில் துணி விறைத்து, புள்ளி நடுவில் ஒரு மாதிரியும் ஓரத்தில் ஒரு மாதிரியும் விழும். மெஷ், அதாவது துணியின் நெருக்கம், சென்டிமீட்டருக்கு 90 இழை. கடையில் எண்ணை மட்டும் சொல்வார்கள், அது சென்டிமீட்டருக்கா அங்குலத்துக்கா என்று கேட்டு வாங்குங்கள். அங்குலத்துக்கு 90 என்றால் அது துணி அச்சுக்கான தடித்த மெஷ், இந்தப் புள்ளி அதில் நிற்காது. அங்குலத்துக்கான இழை எண்ணிக்கை புள்ளி வரிசையைப் போல ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது விதி. சென்டிமீட்டருக்கு 90 என்பது அங்குலத்துக்கு ஏறக்குறைய 230, தாராளம்.

துணியில் பூசுகிற, வெளிச்சம் பட்டால் இறுகுகிற பசைதான் எமல்ஷன். அதில் ஒரு எச்சரிக்கை. பைக்ரோமேட் என்ற குரோமிய உப்பைக் கலக்கும் மலிவான வகை இன்னும் விற்பனையில் இருக்கிறது. அந்தக் குரோமியம் புற்றுநோய் வரவழைக்கக்கூடியது, வீட்டுச் சாக்கடையில் கொட்டக் கூடாதது. டயஸோ வகையோ, கலக்காமல் பூசும் ஃபோட்டோபாலிமர் வகையோ கேட்டு வாங்குங்கள். விலை கூடினாலும் இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில், தாளைத் தொடும் அச்சுப் பக்கம் ஒரு பூச்சு, மை ஊற்றும் உள்பக்கம் ஒரு பூச்சு. மெல்லியதாகப் பூசி, அச்சுப் பக்கம் கீழே பார்க்கப் படுக்கவைத்து இருட்டில் முழுக்கக் காயவையுங்கள். மழைக்காலத்தில் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அந்த ஈரத்தோடு எக்ஸ்போஸ் செய்தால் கழுவும்போது மொத்தமும் வழிந்து போகும்.

பாசிட்டிவ், அதாவது எமல்ஷன்மேல் வைத்து வெளிச்சத்தை மறைக்கும் கருப்புப் படம், எடுக்க ட்ரேஸிங் தாளில் லேசர் அச்சு போதும். ஆனால் லேசர் சூட்டில் தாள் சுருங்கும். அதனால் நான்கு பாசிட்டிவும் ஒரே பிரிண்டரில், ஒரே நாளில், தாளை ஒரே வாக்கில் வைத்து எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் வெறுந்தாளையே ஒருமுறை இயந்திரத்தில் ஓட்டிவிட்டால் சுருங்க வேண்டியது முதலிலேயே சுருங்கிவிடும். நான்கையும் ஜன்னலில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நான்கு கோப்பிலும் ஒரே இடத்தில் போட்ட மூலைக் குறிகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். டோனர் பக்கம் எமல்ஷனைத் தொட வேண்டும், மேலே கண்ணாடியின் பாரம் வேண்டும். இடையில் காற்று இருந்தால் வெளிச்சம் புகுந்து சின்னப் புள்ளிகளைத் தின்றுவிடும்.

எத்தனை நிமிடம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். விளக்கு, தூரம், எமல்ஷன் எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். பழைய ஸ்கிரீன் ஒன்றில் அட்டையால் மறைத்து நிமிடத்துக்கு ஒரு பட்டையாக நகர்த்திச் சோதனை செய்யுங்கள். கழுவிய பிறகு உள்பக்கம் வழுவழுவென்று பிசுபிசுத்தால் வேகவில்லை. 25 சதவீதப் புள்ளிகள் திறக்காமல் அடைத்தே நின்றால் அதிகமாக வெந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் உங்கள் நேரம்.

அடிப்பது

வரிசை: மஞ்சள், மெஜந்தா, சயான், கடைசியில் கருப்பு. மை ஊடுருவித் தெரிகிற மையாக இருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்கு அடிக்கிற மறைக்கும் மை போட்டால் சயான் மஞ்சளை மூடிவிடும், பச்சை பிறக்காது. அக்ரிலிக் வண்ணத்தோடு ஸ்கிரீன் மீடியம் (நிறமில்லாத அச்சுக் கலவை) பாதிக்குப் பாதி கலந்தால் சாதாரணமாகச் சரிவரும்.

தாளுக்கு 150 ஜிஎஸ்எம்-முக்கு (சதுர மீட்டருக்கு 150 கிராம்) மேல், நேச்சுரல் ஷேட் கார்ட்ரிட்ஜ் தாள். நியூஸ்பிரிண்டிலேயே அடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதில் மரத்தின் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது, வெயில் பட்டால் சில வாரத்தில் பழுத்து, நாளடைவில் நொறுங்கத் தொடங்கும். ஈர மையில் நெளிந்து அடுத்த நிறம் பொருந்தவும் பொருந்தாது. டீத்தண்ணீரில் முக்கிப் பழசாக்குவதும் இதே கதை. பழுப்பு வேண்டுமென்றால் ஐந்தாவதாக ஒரு மெல்லிய பாதாம் நிறத்தை எல்லாவற்றுக்கும் முதலில் அடித்துவிடுங்கள்.

ஸ்கிரீனைக் கீலில் மாட்டி, அடியில் இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை அடுக்கி வைத்தால் தாளுக்கும் துணிக்கும் 3 மி.மீ. இடைவெளி கிடைக்கும். மையை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜி போனதும் துணி தாளை விட்டுத் தெறித்து மேலே வர வேண்டும். ஒட்டிக்கொண்டே இருந்தால் புள்ளி இழுத்துக்கொள்ளும். ஸ்குவீஜியை 75 பாகையில் பிடித்து ஒரே இழுப்பு. சரியாக விழவில்லையென்று அதே தாளில் இரண்டாவது முறை இழுத்தால் புள்ளிக்குப் பக்கத்தில் புள்ளி விழுந்து நிறம் கலங்கும். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் மையை ஸ்கிரீன்மேல் பரப்பி மூடிவையுங்கள். சித்திரை வெயிலில் மின்விசிறியின் கீழ் அடித்தால் மை துணியிலேயே காய்ந்து அடைத்துவிடும். விசிறியை நிறுத்துங்கள், மையில் கொஞ்சம் ரிடார்டர் (காய்வதைத் தாமதிக்கும் கலவை) சேருங்கள்.

தாள் வந்து நிற்க நீளப் பக்கத்தில் இரண்டு, குறுகிய பக்கத்தில் ஒன்று என்று மூன்று அட்டைத் துண்டுகளை மேசையில் ஒட்டிவிடுங்கள். இரண்டாவது நிறத்திலிருந்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை ஒரு பக்கம் மட்டும் டேப் போட்டு மேசையில் நிறுத்தி, முதலில் அதன்மேல் அடியுங்கள். அடியில் உங்கள் படத்தை நகர்த்திப் பொருத்தியபின் அட்டைத் துண்டுகளை அந்த இடத்துக்கு மாற்றுங்கள். 20 நல்ல படம் வேண்டுமென்றால் 30 தாளில் மஞ்சள் அடியுங்கள். நடுவில் தாள் சேர்க்க முடியாது.

எல்லாம் பொருந்தி வரத் தெரிந்த பிறகுதான் வேண்டுமென்றே விலக்க வேண்டும். மென்பொருளில் செய்கிற போலி விலகல் ஏன் பொய்யாகத் தெரிகிறது என்றால், அதில் எல்லா நிறமும் ஆளுக்கொரு பக்கம் ஓடியிருக்கும். உண்மையான அச்சில் பொதுவாக ஒரு மைதான் நகரும், பக்கம் முழுவதும் ஒரே திசையில், ஒரே அளவில். மெஜந்தாவை மட்டும் வலப்பக்கம் 1 மி.மீ. தள்ளி அடியுங்கள். 0.7 மி.மீ. உள்வாங்கிய நிறம் கோட்டின் இடதுபுறம் நூலளவு விலகும். பம்பரத்தின் சிவப்புப் பட்டையில் அந்த இடத்தில் அடியிலுள்ள மஞ்சள் கீற்றாகத் தெரியும். வலதுபுறம் சிவப்பு கோட்டைத் தாண்டும். விரல்களின் ஓரத்திலும் அதே கதை, அதே திசை. லென்ஸில் பார்த்த பக்கம் இப்போது உங்கள் மேசையில் இருக்கும்.

சட்டம் போட்டு மாட்டும்போது ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். மலிவான மைகளில் வெயிலுக்கு முதலில் வெளுப்பது மஞ்சளும் மெஜந்தாவும். சயானும் கருப்பும் தாக்குப்பிடிக்கும். கடைச் சுவர்களில் சிவகாசிக் காலண்டர்ப் படங்கள் வருடக்கணக்கில் வெயில் பட்டு நீலமாகிப் போவது இதனால்தான். வண்ணம் வாங்கும்போது குப்பியில் வெளிச்சத் தாங்குதிறன் குறியைப் பார்த்து வாங்குங்கள். அந்த நீலச் சுவர்ப்படத்தின் மேல் ஆசை இருந்தால், இதே நான்கு ஸ்கிரீனில் மஞ்சளையும் மெஜந்தாவையும் பத்துக்கு ஒரு பங்கு மை, மீதி மீடியம் என்று நீர்க்கவைத்து, சயானையும் கருப்பையும் முழு அடர்த்தியில் அடித்து இரண்டாவது தொகுப்பு ஒன்று எடுத்துவிடலாம். புது ஸ்கிரீன் எதுவும் தேவைப்படாது.